ராஜா வாங்கிய குதிரையும் வராத லாடக்காரரும்

குட்டியானையில் பைக் ஏற்றுகிற காட்சியைத் தூத்துக்குடியில் எந்தத் தெருமுனையிலும் பார்க்கலாம். பலகையைச் சாய்த்துவைத்து, ஒருத்தர் ஹேண்டில்பாரைப் பிடிக்க, ஒருத்தர் பின்னாலிருந்து தள்ள, மூன்றாமவர் கீழே நின்றபடி "மெதுவா, மெதுவா" என்று சத்தம் மட்டும் போடுவார். முன்சக்கரம் கேபின் மூலையில் முட்டி நிற்க வேண்டும். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் கயிறு போட்டு, முன் ஷாக் அப்சார்பர் அமுங்கும்வரை இழுத்துக் கட்ட வேண்டும். டேங்கில் கயிறு உரசாமல் இடையில் ஒரு சாக்கு. சைடு ஸ்டாண்டை மட்டும் நம்பியவர் முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே திருந்திவிடுவார். எல்லாம் முடிந்ததும் டீ வரும். முதல் கிளாஸ் சத்தம் போட்டவருக்குத்தான்.

இப்போது ஒரு சின்ன மாற்றம். பைக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு அரபுக் குதிரையை நிறுத்துங்கள். குட்டியானையை எடுத்துவிட்டு, ஆணியே அடிக்காத ஒரு மரக்கலத்தை வையுங்கள். நாலுவழிச் சாலைக்குப் பதிலாக அரபிக்கடல். ஹோர்முஸில் ஏற்றி, குமரிமுனையைச் சுற்றிக்கொண்டுவந்து, காயல் துறைமுகத்தில் இறக்க வேண்டும். 1290களில் நம்ம முத்துக்குளித்துறையில் வருஷாவருஷம் நடந்த பிசினஸ் இதுதான். இதில் சம்மதம் கேட்கப்படாத ஒரே ஜீவன் குதிரை. கேட்டிருந்தால் பாண்டியர் வரலாற்றில் பல பக்கங்கள் மிச்சமாகியிருக்கும்.

அந்தக் கப்பலைப் பற்றி மார்க்கோ போலோ ஹோர்முஸில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். படித்தால் நமக்கே குமட்டும். பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். தார் பூசவில்லை, மீன் எண்ணெய் தடவியிருக்கிறார்கள். ஒரே பாய்மரம், ஒரே பாய், ஒரே சுக்கான். மேல்தளம் கிடையாது. சரக்கை எல்லாம் அடியில் நிரப்பி, அதன்மேல் மாட்டுத்தோலை விரித்து, அந்தத் தோலின்மேல் குதிரைகளை நிறுத்துவார்களாம். கீழே சரக்கு, நடுவே தோல், மேலே குதிரை, அதற்கும் மேலே வானம். அக்மார்க் ஓப்பன் பாடி வண்டி!

இன்னொரு சிக்கலும் உண்டு. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. அதன் உடலமைப்பு அப்படி; உள்ளே போனது வந்த வழியே திரும்பாது. நமக்குக் கடல் ஒத்துக்கொள்ளாவிட்டால் கப்பலின் ஓரத்துக்கு ஓடிப்போய்க் குனிந்தால் ஆச்சு. பாவம், குதிரை அத்தனையையும் உள்ளேயே வைத்துக்கொண்டு நாட்கணக்கில் நிற்க வேண்டும். அப்படி நின்று வந்து சேர்ந்த பிறகுதான் அதற்கு நிஜமான கஷ்டகாலம் ஆரம்பித்தது. அதன் பெயர் பாண்டிய நாட்டு விருந்தோம்பல்.

அதற்கு முன்னால் வாங்கிய மகாராஜாவைப் பார்த்துவிடுவோம். போலோ கணக்கில் இந்த நாட்டை அண்ணன் தம்பிகள் ஐந்து பேர் ஆண்டார்கள். அடிக்கடி அடித்துக்கொள்ளக் கிளம்புவார்கள்; அப்போதெல்லாம் அம்மா வந்து நடுவில் நின்று மிரட்டி அனுப்பிவைப்பாராம். ஐந்து பட்டாளத்தையும் ஒரே ஆளாக அடக்கிய அந்த அம்மாளின் பெயரைத்தான் போலோ எழுதாமல் விட்டுவிட்டார்.

ஐவரில் ஒருவரான சுந்தர பாண்டியனின் அலங்காரத்தை போலோ வாய்பிளந்து வர்ணிக்கிறார். இடுப்பில் ஒரு துணி. கழுத்தில் மாணிக்கமும் நீலமும் மரகதமும் பதித்த ஆரம். பட்டு நூலில் கோத்த பெரிய முத்தும் மாணிக்கமுமாக 104. தினமும் 104 முறை சாமி பெயர் சொல்வதற்கு எண்ணிக்கை தப்பாமல் இருக்கத்தான் அது. கையில் காப்பு, காலில் காப்பு, கால்விரலிலும் மோதிரம். மொத்தத்தில் ஒரு நகரத்தையே விலைபேசுகிற அளவுக்குச் சரக்கு உடம்பில் தொங்குகிறது. மேலே சட்டை மட்டும் இல்லை. இந்த நாட்டில் தேடினாலும் ஒரு டெய்லர் கிடைக்கமாட்டார் என்று போலோ வேறு சிரிக்கிறார். நம்ம வெயிலில் வெனிஸ் நகரத்துக் கோட்டுக்குள் வெந்துகொண்டு நின்ற மனுஷர் சொல்கிற ஜோக் இது.

காயல் பட்டணத்தின் கௌரவத்துக்கும் ஒரு சாம்பிள் தருகிறார். ஊரே வெற்றிலை மென்றுகொண்டிருக்கும். ஒருவனை அவமானப்படுத்த வேண்டுமென்றால் எச்சிலை அவன் முகத்தில் துப்பினால் போதும். துப்பப்பட்டவன் நேரே ராஜாவிடம் ஓடிச் சண்டைக்கு அனுமதி கேட்பான். ராஜாவே இருவருக்கும் கத்தியும் கேடயமும் கொடுப்பார். ஊர் கூடி வேடிக்கை பார்க்க, ஒருவன் சாகும்வரை சண்டை. ஒரே ஒரு விதி: கத்தியின் நுனியால் குத்தக்கூடாது, வெட்ட மட்டுமே செய்யலாம். சாகலாம், ஆனால் சேஃப்டி ரூல்ஸ் முக்கியம்!

இப்படி மானத்துக்காக உயிரைக் கொடுக்கிற ஊரில் ராஜாவுக்குக் குதிரை இல்லாமல் இருக்கலாமா? இந்த நாட்டில் நல்ல குதிரை பிறப்பதில்லை. கிஷ், ஹோர்முஸ், ஏடன் என்று எங்கெங்கிருந்தோ கப்பலில் வந்தாக வேண்டும். ஒரு ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவாராம். மற்ற நால்வரும் ஆளுக்கு அதே அளவு. அண்ணன் வாங்கிவிட்டால் தம்பி சும்மா இருப்பாரா? கூட்டினால் பத்தாயிரத்தைத் தொடுகிறது. சரி, பெரிய குதிரைப்படைதான் என்று நினைப்பீர்கள். வருஷக் கடைசியில் எண்ணினால் நூறுகூடத் தேறாதாம்.

மீதி? செத்துவிட்டன. காரணத்தையும் போலோ சொல்கிறார். இங்கே குதிரையைப் பராமரிக்க யாருக்கும் தெரியாது. லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் கிடையாது. விற்க வருகிற வியாபாரிகள் குதிரையை மட்டும்தான் கொண்டுவருவார்கள். லாடக்காரரைக் கூட்டிவர மாட்டார்கள். அவராகக் கிளம்பி வந்தாலும் தடுத்துவிடுவார்கள். குதிரை நீண்டநாள் வாழ்ந்தால் அடுத்த வருஷம் யார் வாங்குவார்கள்? லட்ச லட்சமாக வாங்கிக்கொண்டு பைக்கை விற்றுவிட்டு, ஊரில் ஒரு மெக்கானிக் கடைகூடத் திறக்கவிடாமல் பார்த்துக்கொள்கிற கம்பெனியை எண்ணிப்பாருங்கள். மார்க்கெட்டிங் படிக்கிற பிள்ளைகளுக்கு ஹோர்முஸ் வியாபாரிகளை ஒரு பாடமாக வைக்கலாம். பாஸாகிற பிள்ளைகளிடம் மட்டும் நாம் எதையும் வாங்கக்கூடாது.

இப்போது விருந்துக்கு வருவோம். வந்து இறங்கிய குதிரைக்கு நம்மவர்கள் என்ன கொடுத்தார்கள்? வேகவைத்த சோறும் வேகவைத்த கறியும். ஆமாம், கறி! புல் தின்கிற பிராணிக்கு. வஸ்ஸாஃப் என்கிற பாரசீக வரலாற்றாசிரியரும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்: பச்சை பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லி, நெய்யில் பக்குவம் செய்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். கெட்ட எண்ணமே இல்லை, பாருங்கள். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை எப்படிக் கவனிப்போமோ அப்படிக் கவனித்திருக்கிறார்கள். திடீரென்று மாவுச்சத்து ஏறினால் குதிரைக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும், குளம்புக்குள் வீக்கம் கண்டு நிற்கவே முடியாமல் போகும். அன்பினாலேயே கொன்றிருக்கிறோம்.

பயிற்சி அதைவிட அழகு. குதிரையை முளையடித்துக் கயிற்றால் கட்டி 40 நாள் லாயத்திலேயே நிறுத்திக் கொழுக்கவைப்பார்களாம். 41ஆம் நாள் சேணம், அங்கவடி எதுவுமில்லாமல் வீரர்கள் அதன்மேல் பேய்மாதிரி ஏறி ஓட்டுவார்களாம். கொஞ்ச நாளில் காற்றாய்ப் பறந்த குதிரை கட்டை வண்டி மாடாகிவிடும் என்று வஸ்ஸாஃப் அங்கலாய்க்கிறார். ஷீராஸ் பக்கம் வரிக்கணக்கு பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி அவர். காயல் குதிரைக்காக அங்கே உட்கார்ந்து கண்ணீர் விட்டிருக்கிறார் என்றால் எவ்வளவு பெரிய மனசு!

அவர் மனசைவிடப் பெரியது அவர் எழுதிவைத்த ஒப்பந்தம். கிஷ் தீவின் அதிபதி ஜமாலுதீன் இப்ராஹிம் தன் சொந்தப் பண்ணையிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்புவார். மற்ற ஊர்களில் திரட்டியது தனி. குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் கடலிலேயே செத்துப்போனாலும் பாண்டிய ராஜா முழுக்காசையும் கொடுத்துவிட வேண்டும். திரும்ப ஒருமுறை படியுங்கள்: வராத குதிரைக்கும் பில் உண்டு. கடலில் விழுந்த குதிரைகூட 'டெலிவர்டு'தான்.

இப்படி ஒரு ஒப்பந்தத்தில் எந்த மந்திரி கையெழுத்துப் போடுவார் என்று கேட்கிறீர்கள். பாண்டியனுக்கு மந்திரியாகவும் ஆலோசகராகவும் இருந்து, காயல் உட்பட மூன்று துறைமுகங்களையும் கையில் வைத்திருந்தவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். அவர் யார்? ஜமாலுதீனின் கூடப்பிறந்த சகோதரர். வாங்குகிற பக்கம் ஒரு சகோதரர், விற்கிற பக்கம் ஒரு சகோதரர். டெண்டரைச் சாப்பாட்டு மேஜையிலேயே முடித்திருப்பார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? கஜானாவில் கை வைக்கவில்லை என்று பெருமையாகச் சொல்கிறார் வஸ்ஸாஃப். கோயில் சொத்துகளின் உபரி வருமானம், கோயிலைச் சார்ந்த ஆடல்மகளிர் கட்டிய வரி, இவற்றிலிருந்து பட்டுவாடா ஆனதாம். இதைப் படிக்கும்போது நமக்கு இன்னொருவர் ஞாபகத்துக்கு வந்தே தீருவார்: மாணிக்கவாசகர்.

அரிமர்த்தன பாண்டியன் அவர் கையில் பொன்னைக் கொடுத்து, துறைமுகத்துக்குப் போய்க் குதிரை வாங்கிவா என்று அனுப்பினான் என்பது திருவிளையாடல் கதை. போகிற வழியில் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டார். பொன் முழுவதும் கோயிலுக்குப் போனது. ராஜா கேட்டபோது, சிவனே குதிரை வியாபாரியாக வந்து நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். பகலில் ராஜா தட்டிப்பார்த்துத் தலையாட்டி வாங்கிக்கொண்டான். ராத்திரியில் எல்லாம் நரிகளாகி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. பக்தி இருக்கட்டும், பர்ச்சேஸ் கண்ணோட்டத்தில் பார்த்தாலும் கதை சரியாகத்தான் இருக்கிறது. வாங்கிய அன்று குதிரை, மறுநாள் வேறு ஏதோ என்பது பாண்டிய நாட்டில் பழகிப்போன அனுபவம். அவர் குதிரைப் பணத்தில் கோயில் கட்டினார்; பின்னால் வந்தவர்கள் கோயில் பணத்தில் குதிரை வாங்கினார்கள். கணக்கு நேராகிவிட்டது.

இத்தனைக்கும் அடியில், கடலுக்குள், ஒரு ஆள் இருக்கிறார். முத்துக்குளிக்கிற பரதவர். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சு தாங்குகிறவரை சிப்பி பொறுக்கி, கயிற்றை இழுத்துச் சமிக்ஞை கொடுத்து மேலே வருவார். ஏப்ரல் தொடங்கி மே பாதிவரை சீசன் என்கிறார் போலோ. கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாவை மந்திரத்தால் வாய்கட்டுகிறவருக்கு. அந்த மந்திரவாதி சாயங்காலம் ஆனதும் மந்திரத்தை 'ஆஃப்' செய்துவிடுவாராம், ராத்திரியில் திருட்டுத்தனமாக யாரும் முத்து எடுக்கக்கூடாதே! சுறாவை வாட்ச்மேனாக வேலைக்கு வைத்த முதல் ஊர் நம்முடையதாகத்தான் இருக்கும்.

ஆக, கணக்கைப் பாருங்கள். மூச்சைப் பிடித்து எடுத்த முத்து, சீக்கிரம் மூச்சு நிற்கப்போகிற குதிரையாக மாறியது. முத்து மேற்கே போய்த் தலைமுறைக்கும் யாரோ கழுத்தில் மின்னியது. குதிரை கிழக்கே வந்து கறிச்சோறு சாப்பிட்டுப் படுத்தது. அந்நியச் செலாவணி என்கிற வார்த்தை தெரியாத காலத்தில் அதை எப்படியெல்லாம் கரைக்கலாம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

காயலும் கடைசியில் கரைந்தது. தாமிரபரணி வண்டல் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் விலகிக்கொண்டே போனது. கொற்கைக்கு நேர்ந்த அதே கதி. போலோ பார்த்த காயல் எது என்பதில் அப்புறம் சண்டை வந்தது. இடையன்குடி பிஷப் கால்டுவெல் பழையகாயலில் தோண்டி, சீனப் பீங்கான் துண்டுகளைப் பார்த்து, 'இதுதான்' என்றார். காயல்பட்டினத்துக்காரர்கள் 'எங்க ஊர்தான்' என்பார்கள். துறைமுகப் பட்டம் கடைசியில் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. 2025 ஆகஸ்ட் 4 அன்று அங்கே வியட்நாம் கம்பெனியான வின்ஃபாஸ்ட்டின் மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கடல் தாண்டி வந்த வண்டிக்காரர் பட்டறையோடு வந்து இறங்கியிருக்கிறார். சுந்தர பாண்டியன் இருந்திருந்தால் 'இப்படியும் செய்யலாமா?' என்று கேட்டிருப்பார்.

குதிரை வியாபாரிகளை லேசாக நினைக்காதீர்கள். இந்தக் கடற்கரையின் தலையெழுத்தையே ஒருவர் மாற்றினார். கோழிக்கோட்டிலிருந்து லிஸ்பன் போய், அங்கே ஞானஸ்நானம் பெற்று ஜோவான் ட குரூஸ் ஆகி, திரும்பி வந்து கடனில் மாட்டிய மனிதர். 1530களில் குமரிமுனைப் பக்கம் ராஜாக்களுக்குக் குதிரை விற்க வந்தவரிடம், எதிரிகளோடு மோதிக் களைத்திருந்த பரதவர் தலைவர்கள் யோசனை கேட்டார்கள். 'போர்த்துக்கீசியரிடம் போங்கள், மதம் மாறுங்கள், பாதுகாப்பு கிடைக்கும்' என்றார். 1535 தொடங்கி 1537க்குள் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்தபோது மக்கள் ஏற்கெனவே தயார். முதல் டீலை முடித்தவர் குதிரைத் தரகர்.

சிரித்து முடித்தாகிவிட்டதா? இப்போது கொஞ்சம் குறுக்கு விசாரணை. வருஷக் கடைசியில் நூறு குதிரைகூட மிஞ்சாது என்றாரே போலோ? 1311இல் மாலிக் காஃபூர் தென்னாட்டைச் சுருட்டிக்கொண்டு டெல்லி திரும்பியபோது 512 யானைகளோடு 5,000 குதிரைகளையும் கொண்டுபோனதாக அமீர் குஸ்ரோ எழுதுகிறார். செத்த குதிரைகள் எப்படி டெல்லிவரை நடந்தன? போலோ 1298இல் ஜெனோவா ஜெயிலில் இருந்தபடி, ருஸ்டிசெல்லோ என்கிற கதாசிரியருக்கு வாயால் சொன்ன புத்தகம் அது. குஸ்ரோவோ கவிஞர். ஒருவர் குதிரைகளைக் கொன்றிருப்பார், இன்னொருவர் பிறப்பித்திருப்பார். உண்மை நடுவில் எங்கோ கொள்ளு தின்றுகொண்டு நின்றிருக்கும்.

இன்னொரு சாட்சியையும் கூப்பிடுவோம். விஜயநகரத்தில் சாளுவ நரசிம்மர் ஆயிரம் வராகனுக்கு மூன்று என்ற கணக்கில், உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும் குதிரையை எடுத்துக்கொண்டார் என்கிறார் போர்த்துக்கீசியரான நூனிஸ். கடலில் செத்ததற்கு வாலை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து காட்டினால் போதும். உயிரோடு வந்த மாதிரியே முழுப்பணம். இத்தனை இளிச்சவாயரா என்று சிரிப்பதற்குள், எழுதிய நூனிஸின் தொழிலைப் பாருங்கள்: குதிரை வியாபாரம்.

இங்கேதான் விஷயம் திரும்புகிறது. போலோ வியாபாரக் குடும்பம். வஸ்ஸாஃப் விற்ற பக்கத்து அதிகாரி. நூனிஸ் விற்றவரே. வாங்கிய ராஜா முட்டாள் என்று நமக்குச் சொன்ன அத்தனை பேரும் விற்றவர்கள், அல்லது விற்றவர்களின் சிநேகிதர்கள். வாங்கியவர் பக்கத்தில் நின்று யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. பாதி வழியில் மூழ்கக்கூடிய தைத்த கப்பலில், வாந்திகூட எடுக்க முடியாத பிராணியை ஏற்றிக்கொண்டு வருகிறவன் எந்தத் துறைக்குப் போவான்? நஷ்டத்தை யார் ஏற்கிறாரோ அவர் துறைக்கு. செத்த குதிரைக்கும் காசு கொடுத்த ராஜா உண்மையில் வாங்கியது, உயிரோடு இருக்கிற குதிரை பக்கத்து ராஜாவிடம் போகாமல் இருப்பதற்கான உத்தரவாதத்தை. இன்று இதற்கு இன்ஷூரன்ஸ் என்று பெயர் வைத்து, பிரீமியமும் கட்டி, 'புத்திசாலி' என்று நம்மை நாமே தட்டிக்கொடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே, வாலுக்குக் காசு கொடுத்ததற்கு வக்காலத்து வாங்கலாம். கறிச்சோற்றுக்குப் பாசம் என்று பெயர் சொல்லிச் சமாளிக்கலாம். சகோதரர் டெண்டரைக்கூட 'நம்பகமான ஆள்' என்று ஃபைலில் எழுதி மூடிவிடலாம். ஆனால் கழுத்தில் 104 மணிகளைத் தொங்கவிட்ட மகாராஜா, அதில் ஒரே ஒரு முத்தைக் கழற்றி ஒரு லாடக்காரருக்குச் சம்பளமாகக் கொடுத்துக் கூட்டிவந்திருக்கலாமே? 103 தடவை சாமி பெயர் சொன்னால் சாமி கோபித்துக்கொள்ளவா போகிறது?